எண்ணெய் மாற்றிய மறுநாள்

ஜொகூர் பாரு ரயில்வே சரக்குக் கிடங்கில் தலைமைக் கிராணியாக, எழுத்தர்களுக்கெல்லாம் மூத்தவராக, இருந்தவர் சோமசேகரம். அவருடைய ஒரே மகன் கதிரேசு அரசாங்க எழுத்தர் சோதனையில் தேறிய பிறகும் அந்த வேலைக்குப் போகவில்லை. பாலம் தாண்டிச் சிங்கப்பூரில் ஒரு மோட்டார் பட்டறையில் சேர்ந்து தினமும் போய்வந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து மலாயாவுக்கு வந்த குடும்பங்களில் அது இழவுச் செய்தி மாதிரி. சோமசேகரம் அன்றிலிருந்து மகனோடு நேராகப் பேசுவதை விட்டுவிட்டார். ஒரே வீட்டில் ஒரே சோற்றைச் சாப்பிட்டார்கள். பேச வேண்டியதெல்லாம் தாய் செல்லப்பாக்கியம் வழியாகத்தான் போகும், வரும்.

"கரி பூசிக்கொண்டு வாற பிள்ளையைக் கிணத்தடியால வரச் சொல்லு, முன்வாசலால வேண்டாம்" என்பார் தகப்பன், மகன் காதில் விழும்படி.

கதிரேசு கிணற்றடியால்தான் வந்தார். தகப்பனை எதிர்த்து அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் வேலையையும் விடவில்லை. எஞ்சின் என்றால் அவருக்கு உயிர். ஒரு இயந்திரம் ஏன் ஓடுகிறது, ஏன் நிற்கிறது என்பதற்குக் காரணம் இருந்தே ஆக வேண்டும், அதைத் தேடினால் கிடைத்தே ஆக வேண்டும் என்று நம்புகிற ஆள். மனிதர்கள் விஷயத்தில் அந்த நம்பிக்கை அவருக்கு இருந்ததில்லை.

முப்பதுகளின் நடுவில் ஊருக்கு வெளியே ரப்பர் மரங்களை வெட்டித் தள்ளி, நிலத்தைச் சமன்படுத்தி, தோட்டத்துத் துரைமார் சிலர் சேர்ந்து ஒரு பறக்கும் சங்கம் வைத்தார்கள். தகரக் கொட்டகை ஒன்று, அதற்குள் இரண்டு பேர் உட்காரக்கூடிய துணிச் சிறகு விமானம் ஒன்று. விமானத்தைப் பார்த்துக்கொள்ள ஹார்க்கர் என்ற வெள்ளைக்கார எஞ்சினியர். அவருக்கு உதவியாளராகக் கதிரேசு போனார். அங்கே சில வருஷம் வேலை செய்து, மேலே இருப்பவர் நல்ல வார்த்தை எழுதிக் கொடுத்தால், பரீட்சை எழுதித் தாமும் லைசன்ஸ் உள்ள விமான எஞ்சினியர் ஆகலாம். ஆசியாக்காரர்களில் அந்த லைசன்ஸ் வைத்திருந்தவர்கள் அபூர்வம். கதிரேசுவின் ஆசை முழுவதும் அதில்தான் இருந்தது.

கொட்டகையில் இன்னொருவர் இருந்தார். காளியப்பன். கோத்தா திங்கிப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர். அங்கே ரப்பர் உருட்டும் ஆலையின் எஞ்சின் கொட்டகையில் வளர்ந்து, அந்தப் பெரிய எஞ்சினின் சக்கரத்தை உந்திக் கிளப்பிப் பழகிய தோள். அந்தக் காலத்து விமானத்தை உள்ளேயிருந்து கிளப்ப முடியாது. ஒருவர் முன்னால் நின்று காற்றாடியை இரண்டு கையாலும் பிடித்துக் கீழே இழுத்துச் சுழற்றிவிட்டு, அதே வேகத்தில் பின்னால் விலக வேண்டும். எஞ்சின் பிடித்ததும் காற்றாடி கண்ணுக்குத் தெரியாமல் சுற்றும். விலகத் தெரியாதவன் செத்தான். காளியப்பனுக்கு விலகத் தெரியும். அதற்காகத்தான் அவரை வேலைக்கு வைத்திருந்தார்கள்.

காளியப்பன் கதிரேசுவைவிட வயதில் மூத்தவர். இருந்தாலும் கதிரேசுவைக் "கிராணி ஐயா" என்றுதான் கூப்பிடுவார். படித்த யாழ்ப்பாணத்தார் எல்லாரும் தோட்டத்து ஆட்களுக்குக் கிராணிதான்.

"நான் கிராணி இல்லை காளியப்பன்."

"சட்டை கிராணி சட்டைதானய்யா" என்று காளியப்பன் சிரிப்பார்.

பகல் சாப்பாட்டை இருவரும் கொட்டகை நிழலில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். காளியப்பனின் பெண்சாதி ராசம்மா புல்வெளியில் புல் வெட்டுகிறவள். அவள் நெத்திலிச் சம்பல் கொண்டு வந்தால் கதிரேசுவுக்கும் ஒரு இலையில் வைப்பாள். அவர் வீட்டில் தெரிந்தால் தகப்பன் அதற்கும் ஏதாவது சொல்லியிருப்பார். கதிரேசு சொல்லிக்கொள்ளவில்லை.

ஹார்க்கர் நீண்ட விடுப்பில் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். சிங்கப்பூரிலிருந்து வேறொரு எஞ்சினியர் அவ்வப்போது வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். அன்றாட வேலை கதிரேசு கையில். போகும்போது ஹார்க்கர் ஒரு விஷயம் சொல்லியிருந்தார்:

"எண்ணெய் மாற்றினால் மறுநாள் காலை இவள் கிளம்ப மாட்டாள். அலட்டிக்கொள்ளாதே. தலைகீழ் எஞ்சின் அப்படித்தான்."

அது உண்மைதான். சாதாரண நாட்களில் இரண்டு மூன்று சுற்றில் பிடித்துவிடும் எஞ்சின், எண்ணெய் மாற்றிய மறுநாள் காலையில் மட்டும் அசையாது. காளியப்பன் சட்டை நனைந்து ஒட்டும்வரை சுற்றுவார். உள்ளே உட்கார்ந்திருக்கும் துரை கைக்கடிகாரத்தைப் பார்ப்பார், பிறகு காளியப்பனைப் பார்த்துத் திட்டுவார். வெயில் ஏறிய பிறகு, என்ன நினைத்துக்கொண்டதோ, எஞ்சின் தானாகப் பிடிக்கும். அடுத்த எண்ணெய் மாற்றம் வரை தொந்தரவு இருக்காது.

"அப்படித்தான்" என்ற பதில் கதிரேசுவுக்குப் போதவில்லை.

முதலில் அவர் பிளக்குகளைச் சந்தேகித்தார். அந்த எஞ்சினில் சிலிண்டர்களின் தலை கீழே தொங்கும். இரவெல்லாம் எண்ணெய் மெல்லக் கசிந்து இறங்கி, பொறி அடிக்கும் பிளக்குகளை நனைத்துவிடும். நனைந்த பிளக்கில் பொறி வராது. எண்ணெய் மாற்றிய மறுநாள் பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தார். ஈரம் இருந்தது. பெட்ரோலில் கழுவிக் காயவைத்துப் போட்டார். எஞ்சின் கிளம்பவில்லை. வேறொரு சாதாரண நாள் காலையிலும் கழற்றிப் பார்த்தார். அன்றும் அதே ஈரம். ஆனால் அன்று எஞ்சின் உடனே கிளம்பியிருந்தது. ஆக, ஈரம் மட்டும் காரணமில்லை.

அடுத்து எண்ணெயையே சந்தேகித்தார். புது எண்ணெய் அதிகக் கெட்டியோ? பழைய டின்னில் மிச்சமிருந்த எண்ணெயோடு சேர்த்து இரண்டையும் தகரத்தின் மேல் சாய்த்து ஓடவிட்டுப் பார்த்தார். வித்தியாசமில்லை. பெட்ரோல் வரும் குழாயைப் பார்த்தார். காற்றுப் போகும் வழியைப் பார்த்தார். எல்லாம் சரி.

காரணத்தைக் கடைசியில் கண்ணால் கண்டுபிடிக்கவில்லை, காதால் கண்டுபிடித்தார். கிளப்புவதற்கு முன் சுவிட்சை அணைத்து வைத்துக் காளியப்பன் காற்றாடியை மெதுவாகச் சுற்றுவார், உள்ளே பெட்ரோல் இழுபட. அப்போது எஞ்சினுக்குள்ளிருந்து 'டக்... டக்...' என்று ஒரு சத்தம் வரும். பொறியை உண்டாக்கும் மேக்னட்டோவில் ஒரு சின்னச் சுருள்வில் விசை இருக்கிறது. கையால் சுற்றும்போது வேகம் போதாது என்பதால் அந்த விசை மேக்னட்டோவைக் கொஞ்சம் பிடித்து வைத்து, பிறகு தெறித்துவிடும். அந்தத் தெறிப்பில் பொறி பலமாகவும் சற்றுத் தாமதமாகவும் விழும். எண்ணெய் மாற்றிய மறுநாள் காலையில் அந்த 'டக்' இல்லை.

மூடியைக் கழற்றினார். விசையைப் பிடித்துவிடும் இரண்டு சிறு நாக்குகள் அழுக்கோடு சேர்ந்து கறுத்த எண்ணெயில் ஊறி ஒட்டிக்கொண்டு கிடந்தன. வெயில் ஏறி எண்ணெய் இளகினால் அவை அசையும். அதனால்தான் தாமதமாகக் கிளம்பியிருக்கிறது.

அந்த இடத்துக்கு எண்ணெய் எப்படி வந்தது? எஞ்சினிலிருந்து கசியவில்லை. அடுத்த எண்ணெய் மாற்றத்தின்போது கதிரேசு தூர நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வேலை முடிந்ததும் காளியப்பன் டின்னின் அடியில் மிஞ்சிய எண்ணெயை ஒரு சின்னக் குவளையில் ஊற்றிக்கொண்டார். விமானத்தைச் சுற்றி வந்து, கதவுக் கீலுக்கு ஒரு சொட்டு, சக்கரத்துக்கு ஒரு சொட்டு, கயிறு ஓடும் கப்பிக்கு ஒரு சொட்டு, மேக்னட்டோ இணைப்பின் சிறு துளைக்குத் தாராளமாக நாலைந்து சொட்டு என்று விட்டார். கன்றுக்குட்டிக்குக் கஞ்சி வைப்பவர் மாதிரி நிதானமாக.

"காளியப்பன், நீர் அதுக்கும் எண்ணெய் விடுறனீரோ?"

"ஆலையில எல்லாத்துக்கும் ஊத்துவோம்யா. எண்ணெய் குடிக்காத இரும்பு செத்துப் போயிரும்னு எங்கள வேலை வாங்குற தண்டல் சொல்லுவாரு."

கதிரேசு அவரை உட்காரவைத்து நாக்குகளைக் காட்டினார். ஒட்டினால் என்ன ஆகும் என்று விளக்கினார். கிளம்பாமல் இருப்பது ஒரு தொல்லை. அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருந்தது. தாமதம் இல்லாமல் பொறி முன்கூட்டியே விழுந்தால் எஞ்சின் பின்பக்கமாக உதைக்கும். காற்றாடி திரும்பி வந்து சுற்றுகிறவனை அடிக்கும்.

"அந்த டக் சத்தம் கேட்கேல்லை எண்டால் கை வைக்கக் கூடாது. விளங்குதோ? ஆர் சொன்னாலும் சுத்தக் கூடாது."

"இத்தனை நாள் என் கைக்கு நானே குழி வெட்டியிருக்கேன்" என்றார் காளியப்பன். பிறகு ஒருநாளும் அங்கே எண்ணெய் விடவில்லை. கதிரேசு நாக்குகளைக் கழுவித் துடைத்துக் காயவைத்தார். எண்ணெய் மாற்றிய மறுநாளும் எஞ்சின் முதல் சுற்றில் பிடித்தது.

இதைக் கேள்விப்பட்ட சங்கத்துத் தலைவர் ஒரு சனிக்கிழமை பிற்பகல் கதிரேசுவை உறுப்பினர்கள் உட்காரும் அறைக்குள் கூப்பிட்டார். அதற்கு முன் அந்த வாசலைத் தாண்டிக் கதிரேசு உள்ளே போனதில்லை. துரைமார் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எப்படிக் கண்டுபிடித்தாய் என்று தலைவர் கேட்டார். கதிரேசு நல்ல ஆங்கிலத்தில் ஒவ்வொரு படியாகச் சொன்னார். பிளக்கு, எண்ணெய், சத்தம், நாக்கு. கடைசியில் காளியப்பனின் குவளையைப் பற்றியும் சொன்னார். காளியப்பன் பெயரைச் சொல்லியிருக்க வேண்டிய அவசியமில்லை. ஆனால் கதை முழுமையாக இருக்க வேண்டும் என்று நினைத்தார். அதோடு, அந்தக் கட்டத்தில்தான் எல்லாரும் கவனித்துக் கேட்டார்கள்.

துரைமார் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். அன்றிலிருந்து காளியப்பனைக் கண்டால், "எண்ணெய்க்காரன் வருகிறான், உன் மூட்டுகளைப் பத்திரமாக வைத்துக்கொள்" என்று ஒருவருக்கொருவர் ஆங்கிலத்தில் சொல்லிக்கொள்வார்கள். காளியப்பனுக்கு அது புரியாது. அவர்கள் சிரித்தால் அவரும் சிரிப்பார்.

ஹார்க்கர் விடுப்பு முடிந்து திரும்பினார். நடந்ததைக் கேட்டுவிட்டு, "கெட்டிக்காரன்" என்று கதிரேசுவின் தோளில் தட்டினார். கோபப்பட்டதாகத் தெரியவில்லை. ஆனால் அடுத்த எண்ணெய் மாற்றத்தைத் தாமே செய்வதாகச் சொல்லி, புதுப் பிளக்குகள் வாங்கி வரும்படி கதிரேசுவைப் பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு அனுப்பினார். கதிரேசு திரும்பி வரும்போது கொட்டகை பூட்டியிருந்தது.

மறுநாள் மூவாரில் விளையாட்டு விழா. திடலுக்கு மேலே விமானத்தைத் தாழப் பறக்கவிட்டுக் காட்டுவதாகச் சங்கம் ஒப்புக்கொண்டிருந்தது. ஹார்க்கரே ஓட்டுவதாக ஏற்பாடு. முன் இருக்கையில் ஒரு தோட்டத்துத் துரை, விருந்தாளி. மழை வரும் போலிருந்ததால் சீக்கிரம் புறப்பட வேண்டும் என்று அவசரம்.

காளியப்பன் சுவிட்ச் அணைந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் காற்றாடியை மெதுவாகச் சுற்றினார். நின்றார். மறுபடி சுற்றினார். பிறகு சிறகோரம் நின்ற கதிரேசுவைப் பார்த்தார்.

"ஐயா, சத்தத்தக் காணோம்."

கதிரேசுவும் கவனித்திருந்தார். ஹார்க்கரின் பக்கம் போய், "சேர், விசை தெறிக்கவில்லை. மூடியைக் கழற்றிப் பார்த்துவிடலாம்" என்றார்.

"நேற்று நானே பார்த்துச் சரி பண்ணியிருக்கிறேன்" என்றார் ஹார்க்கர். "சுற்றச் சொல்."

"சேர்..."

"மழைக்கு முன்னால் போக வேண்டும் கதிரேசு. சுற்றச் சொல்."

விருந்தாளி கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரும்பிப் பார்த்தார். காளியப்பன் காற்றாடிக்கு முன்னால் கைகளைத் தொங்கவிட்டு நின்றார். அவர் ஹார்க்கரைப் பார்க்கவில்லை, கதிரேசுவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கதிரேசு சரி என்று தலையை ஆட்டினார்.

"சுத்தும், காளியப்பன்" என்றார்.

ஹார்க்கர் சுவிட்சைப் போட்டு, "கான்டாக்ட்" என்று குரல் கொடுத்தார். காளியப்பன் இழுத்தார். எஞ்சின் ஒருமுறை பின்னால் உதைத்தது. மரக்கட்டை முறிவது போல ஒரு சத்தம். காளியப்பன் புல்லில் உட்கார்ந்திருந்தார். வலது கை முழங்கைக்குக் கீழே வேறு திசையில் மடங்கியிருந்தது. அவர் கத்தவில்லை. புல்வெளியின் அந்தப் பக்கத்திலிருந்து அரிவாளைப் போட்டுவிட்டு ஓடி வந்த ராசம்மாதான் கத்தினாள்.

விருந்தாளியின் காரில் காளியப்பனை ஏற்றினார்கள். ஹார்க்கரும் கூடப் போனார். ஏறும் முன் திரும்பி, "மேக்னட்டோவைக் கழற்றிச் சுத்தம் பண்ணி வை. சங்கக் கமிட்டி வந்து பார்க்கும்போது எல்லாம் ஒழுங்காக இருக்கட்டும்" என்று சொன்னார்.

கதிரேசு மூடியைக் கழற்றினார். உள்ளே கறுத்த எண்ணெய் ஒரு சொட்டுக்கூட இல்லை. மஞ்சள் கிரீஸ் அடைத்து வைக்கப்பட்டிருந்தது. இரண்டு நாக்குகளும் அதற்குள் புதைந்து கிடந்தன. கதிரேசு கழுவிக் காயவைத்திருந்ததைப் பார்த்துவிட்டு, இரும்பு இரும்போடு உரசித் தேயும் என்று ஹார்க்கர் நினைத்திருக்க வேண்டும். அந்தக் கிரீஸ் டப்பா ஹார்க்கரின் பெட்டியில் இருப்பது. அந்தப் பெட்டியின் சாவி அவரிடம் மட்டும்தான் இருக்கும்.

கதிரேசு பெட்ரோலில் துணியை நனைத்துத் துடைத்தார். துடைத்து முடித்த பிறகுதான் எதைத் துடைத்தோம் என்று உறைத்ததாகப் பின்னாளில் தமக்குத் தாமே சொல்லிக்கொள்ளப் பார்த்தார். அது உண்மையில்லை. முதல் விரல் கிரீஸை எடுக்கும்போதே அவருக்குத் தெரிந்திருந்தது. மூடி வைத்துவிட்டு யாரையாவது கூப்பிட்டுக் காட்டியிருக்கலாம். கை அது பாட்டுக்குத் துடைத்தது. சொன்ன வேலையைச் செய்து பழகிய கை.

அந்த வாரமே கமிட்டி கூடியது. காளியப்பன் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அவரை யாரும் போய்க் கேட்கவில்லை. அதே அறைக்குள் கதிரேசுவை மறுபடியும் கூப்பிட்டார்கள்.

"விசை ஒட்டிக்கொண்டுதானே இந்த விபத்து?" என்று தலைவர் கேட்டார்.

"ஆமாம் சேர்."

"இதற்கு முன் ஒட்டியதும் அந்த ஆள் எண்ணெய் விட்டதால்தான். நீயே எங்களுக்குச் சொன்னாய்."

"அது முன்பு சேர். பிறகு அவர் விடவில்லை."

"அன்றைக்கு விடவில்லை என்று உனக்கு எப்படித் தெரியும்? எண்ணெய் மாற்றும்போது நீ அங்கே இல்லையே."

"மூடியைத் திறந்தபோது உள்ளே எண்ணெய் இல்லை சேர். வேறு..."

அவர் பார்வை ஜன்னல் பக்கம் போனது. ஹார்க்கர் ஜன்னலோரம் சாய்ந்து, பைப்பில் புகையிலை அடைத்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"வேறு என்ன?" என்றார் தலைவர். "மிஸ்டர் ஹார்க்கர் ஏதாவது தவறாகச் செய்தார் என்று சொல்கிறாயா?"

கேள்வி நேராக வந்தது. பதிலும் நேராகவே இருந்தது. கதிரேசுவின் வாய்வரைக்கும் வந்தது. அவருடைய லைசன்ஸ் பரீட்சைக்கு ஹார்க்கரின் கையெழுத்து இல்லாமல் மனுப் போட முடியாது. கிரீஸ் ஒரு துணிக்குப் போய்விட்டது. அந்தத் துணியும் குப்பையோடு எரிந்துவிட்டது. அதை எரித்ததும் அவர்தான்.

"எனக்குச் சொல்லத் தெரியவில்லை சேர்" என்றார்.

அவ்வளவுதான். எச்சரித்தும் கேட்காமல் எண்ணெய் விட்ட கவனக்குறைவு என்று முடிவு செய்து, காளியப்பனை வேலையிலிருந்து நீக்கினார்கள். கூடவே ராசம்மாவையும் இனி வர வேண்டாம் என்றார்கள்.

 சில நாள் கழித்து ஹார்க்கர், கதிரேசு கேட்காமலேயே, பரீட்சைக்கான சிபாரிசைக் கையெழுத்திட்டுக் கதிரேசுவின் மேசையில் வைத்துவிட்டுப் போனார். கதிரேசு சிங்கப்பூர் போய்ப் பரீட்சை எழுதித் தேறினார். லைசன்ஸ் வந்த அன்று சோமசேகரம் அதை விளக்கடியில் வைத்து, முத்திரையைத் தடவிப் பார்த்தார். பல வருஷத்துக்குப் பிறகு மகனோடு நேராகப் பேசினார்.

"இருந்து சாப்பிடன் தம்பி. ஏன் நிக்கிறாய்?"

மறுவாரம் கிடங்குக் கிராணிகளை வீட்டுக்கு அழைத்து விருந்து வைத்தார். வெள்ளைக்காரனுக்கே பிடிபடாத கோளாறைத் தம் மகன் பிடித்த கதையைச் சொல்லச் சொன்னார். கதிரேசு தலைவலி என்று சொல்லி எழுந்து போனார். அடக்கமான பிள்ளை என்று வந்தவர்கள் மெச்சினார்கள்.

காளியப்பன் ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வந்து, பிறந்த தோட்டத்துக்கே திரும்பிப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை கதிரேசு கோத்தா திங்கிக்கு பஸ் ஏறினார். ஆறு பெருகி வடிந்திருந்த சமயம். தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்துச் சுவரில் இடுப்பளவுக்குச் சேற்றுக் கோடு. வாசலில் ஒரு பலகையில் காளியப்பன் உட்கார்ந்திருந்தார். கை கூடியிருந்தது, ஆனால் கோணலாக. விரல்கள் மடங்கியபடியே நின்றன. ரப்பர் மரத்தில் பால் வெட்டும் கத்தியைப் பிடிக்க முடியாது. ராசம்மா இரண்டு ஆள் பங்கு மரங்களில் ஒருத்தியாகப் பால் வெட்டிவிட்டு அப்போதுதான் வந்து வாளியைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"வாங்கய்யா" என்றார் காளியப்பன். இடது கையால் பலகையில் இடம் காட்டினார். "லைசன்ஸு கிடைச்சிருச்சாமே. கேள்விப்பட்டேன். நல்லது."

கதிரேசு உட்காரவில்லை. கொண்டு வந்த பழக்கூடையைக் கீழே வைத்தார். ராசம்மா அதைப் பார்த்தாள், தொடவில்லை.

"நீங்கதான் சொன்னீங்களாம்" என்றாள் அவள். "இவரு எண்ணெய் ஊத்துறவருன்னு. அத வச்சுத்தான் எழுதி முடிச்சாங்களாம்."

"அது முந்திச் சொன்னது, ராசம்மா. இது நடக்க முந்தி..."

"அது பொய்யில்லையே" என்று காளியப்பன் குறுக்கிட்டார். "ஊத்துனேன். நெசந்தான். பழசு எங்கனாச்சும் ஒட்டிக்கிட்டு இருந்திருக்கும். எங்கையால நானே தேடிக்கிட்டது. அப்படித்தான் நெனச்சிருக்கேன்."

அதோடு விட்டிருக்கலாம். கதிரேசு அங்கே போனது அதை விடுவதற்காக இல்லை.

"உம்மட எண்ணெய் இல்லை காளியப்பன்" என்றார். "நான் பிறகு திறந்து பார்த்தனான். உள்ளுக்கு எண்ணெய் ஒரு சொட்டும் இல்லை."

காளியப்பன் நிமிர்ந்தார்.

"என்ன இருந்துச்சு?"

"கிரீஸ்."

"மஞ்சக் கிரீஸா? அவரு பொட்டியில வச்சிருப்பாரே?"

"ஓம்."

ராசம்மா வாளியைக் கழுவுவதை நிறுத்தினாள். காளியப்பன் தம் வலது கையை மடியில் எடுத்து வைத்து, அதன் விரல்களை இடது கையால் ஒவ்வொன்றாக நீவிவிட்டார். ஆஸ்பத்திரியில் சொல்லிக் கொடுத்த பழக்கம்.

"அங்க சொன்னீங்களா ஐயா? கூட்டத்துல?"

கதிரேசு கீழேயிருந்த பழக்கூடையைப் பார்த்தார். லயத்துக் கோடியில் யாரோ விறகு பிளக்கும் சத்தம் கேட்டது.

"சத்தம் இல்லைன்னு சொன்னேன்" என்றார் காளியப்பன். குரலில் கோபம் இல்லை. கணக்குப் போட்டுப் பார்ப்பவர் மாதிரி பேசினார். "யாரு சொன்னாலும் சுத்தாதன்னு நீங்க சொல்லிருந்தீங்க. தொர சுத்தச் சொன்னப்ப நான் சுத்தலை. நீங்க தலையாட்டுனீங்க. அதுக்குத்தான் சுத்துனேன்."

"தெரியும்."

"எம் மேல தப்புன்னு நெனச்சுக்கிட்டு இருந்தப்ப தூக்கம் வந்துச்சுய்யா. இத எதுக்கு வந்து சொன்னீங்க?"

கதிரேசு என்னவோ சொல்ல வாயெடுத்தார். மறுபடி துரைமாரிடம் போய்ப் பேசுகிறேன் என்றோ, மனு எழுதித் தருகிறேன் என்றோ. அவர் சொல்லி முடிக்கும் முன்பே காளியப்பன் தலையை அசைத்துவிட்டார்.

"வேண்டாம். பஸ் போயிரும், கெளம்புங்க."

ராசம்மா பழக்கூடையைத் தூக்கிக்கொண்டு வந்து கதிரேசுவின் கையில் கொடுத்தாள்.  அவர் வாங்கிக்கொண்டார்.

அதன் பிறகு கதிரேசு துரைமாரிடம் போய்ப் பேசவில்லை. பேசுவதாக நினைத்த நாட்கள் இருந்தன. அடுத்த வருஷம் ஹார்க்கர் ஒரேயடியாக ஊருக்குப் போனார். பிரிவு விருந்தில் ஆசிய ஊழியர்கள் சார்பில் கதிரேசுவைப் பேசச் சொன்னார்கள். நல்ல ஆங்கிலத்தில் பேசினார். தமக்குத் தொழில் கற்றுக் கொடுத்தவர் என்றும், கண்டிப்பானவர் என்றும், நியாயமானவர் என்றும் சொன்னார். 'நியாயமானவர்' என்ற சொல்லுக்கு முன் ஒரு கணம் தயங்கியதை உணர்ச்சிப் பெருக்கு என்று எடுத்துக்கொண்டு எல்லாரும் கைதட்டினார்கள். ஹார்க்கர் எழுந்து வந்து கை குலுக்கினார். அந்த இடத்துக்குக் கதிரேசுவையே எஞ்சினியராகப் போட்டார்கள். காற்றாடி சுற்ற ஒரு மலாய்க்காரர் வந்தார். கதிரேசு அவரோடு வேலையைத் தவிர வேறெதுவும் பேசுவதில்லை. பகல் சாப்பாட்டைத் தனியாகச் சாப்பிட்டார்.

இன்னொரு முறை கோத்தா திங்கிக்குப் போனார். எதற்கென்று அவருக்கே தெளிவில்லை. அந்த லயத்து வாசலில் வேறு ஆட்கள் இருந்தார்கள். புதிதாக இந்தியாவிலிருந்து வந்த குடும்பம். காளியப்பன் என்ற பெயரையே அவர்கள் கேட்டதில்லை. தோட்டத்து மேற்பார்வை பார்க்கும் தண்டலைத் தேடிப் பிடித்துக் கேட்டார்.

"ஒத்தக் கையி காளியப்பனா? அவங்க போயிட்டாங்களே. ரெண்டு பேரு மரத்தை ஒரு பொம்பளையால வெட்ட முடியலை, தோட்டத்துல வீட்டைக் கேட்டுட்டாங்க. மூவாருப் பக்கம் போறதாச் சொன்னாங்க. சரியாத் தெரியலை." தண்டல் கதிரேசுவின் வெள்ளைச் சட்டையையும் காலிலிருந்த சப்பாத்தையும் பார்த்தார். "உங்களுக்கு வேண்டியவங்களா ஐயா?"

"இல்லை" என்றார் கதிரேசு. "என்னோட வேலை செய்தவர்."

தண்டல் தலையை ஆட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போனார். கதிரேசு சாலைக்கு வந்து நின்றார். பஸ் வர நேரமிருந்தது.